குளிரில்லாத தீவில் குளிரும் குஞ்சு

கேம்பல் பேயில் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை. கன்னியாகுமரியைவிடவும் தெற்கே, நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகை தள்ளி, கிரேட் நிக்கோபாரின் கிழக்குக் கரையில் ஒதுங்கிக் கிடக்கிற ஊர் அது. மார்கழியோ ஆடியோ, விடியற்காலையில் வெப்பமானி 23, 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். அந்த நேரத்தில் மனிதருக்கு ஒரு மெல்லிய போர்வை போதும். முட்டையிலிருந்து நேற்று வெளிவந்த கோழிக்குஞ்சுக்கு அதே நேரத்தில் வேண்டியது 35 டிகிரி. பதினோரு டிகிரி பற்றாக்குறை. குளிர்காலம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் குஞ்சு குளிரில் சாவது இந்தக் கணக்கினால்தான்.

பிறந்த குஞ்சின் எடை 35, 40 கிராம் இருக்கும். உடம்பு முழுக்கப் பஞ்சு மாதிரி மென்மயிர், இறகு இல்லை. உடல் சிறியதாக இருக்க இருக்க, எடையோடு ஒப்பிட்டால் அதன் மேற்பரப்பு பெரிதாகிறது. சின்னத் தம்ளரில் ஊற்றிய காப்பி அண்டாவில் இருப்பதைவிடச் சீக்கிரம் ஆறுவதில்லையா, அதே கதை. ஆறுகிற சூட்டை ஈடுகட்டத் தனக்குள் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் திறமை குஞ்சுக்கு இரண்டு மூன்று வாரம் போனபிறகுதான் சரியாகக் கைவருகிறது. அதுவரை அதன் சூடு கடன் சூடுதான். யாரிடம் கடன் வாங்குகிறது என்பதில்தான் அன்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு.

அன்றைக்குத் தாய்க்கோழியிடம் வாங்கியது.

சிவகங்கைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடைக்கோழி என்றால் கொஞ்சம் பயம். எங்கள் அப்பத்தா வீட்டில் அடுக்களைக்குப் பின்னால் இருட்டு மூலையில் ஒரு கூடை. அடியில் மணல், மேலே வைக்கோல், அதில் பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை, ஒற்றைப்படையாகத்தான் வைப்பாள். ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பு அதைத் தடுக்கும் என்பது அவள் நம்பிக்கை. இரும்பு எதைத் தடுத்ததோ எனக்குத் தெரியாது. மணல் செய்த வேலை தெரியும். சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கோழி இரை தின்ன எழுந்து போகிற நேரத்தில் முட்டைக்குத் திருப்பிக் கொடுக்கும். கோழி எழுந்ததும் நான் கையை நீட்டுவேன். "தொடாதடா, சூடு போயிரும்" என்று உள்ளிருந்தே குரல் வரும். சூடு என்பது கூடைக்குள் வைத்திருக்கும் பொருள், நான் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்பது போலச் சொல்வாள். யோசித்தால் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இருபத்தோராம் நாள் பொரிந்தபிறகு கோழியின் வேலை முடிந்துவிடாது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பை கிளறும். கொஞ்ச நேரத்தில் ஒரு குஞ்சு கீச்கீச்சென்று இழுத்துக் கத்தும். உடனே கோழி நின்ற இடத்திலேயே காலை மடக்கி, சிறகைக் குடைபோல் தாழ்த்தி உட்காரும். அத்தனையும் உள்ளே ஓடும். ஐந்து பத்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றாகத் தலை எட்டிப் பார்க்கும். சூடு ஏறினால் வெளியே, இறங்கினால் உள்ளே. தெர்மோஸ்டாட் என்று இன்று கடையில் விற்கிற கருவி செய்வது இதைத்தான். ஒரு வித்தியாசம், இதில் கருவியை முடுக்குவதும் நிறுத்துவதும் குஞ்சே. இரவில் மேலே பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட்டால் கீரிக்கும் பூனைக்கும் பயமில்லை.

இந்தப் பழக்கமெல்லாம் கப்பலேறித்தான் கேம்பல் பேக்குப் போயிருக்க வேண்டும். 1969 முதல் 1980 வரை, முன்னாள் படைவீரர் குடும்பங்கள் சுமார் 330 அங்கே குடியமர்த்தப்பட்டன. பஞ்சாபிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள்; தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்தமான் இந்தி. கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று கிழக்குக் கரையோரமாகத் தெற்கே நீளும் சாலையில் கிராமங்கள் முளைத்தன. வீட்டுக்கும் நெல்லுக்கும் தென்னைக்கும் என்று காட்டைத் திருத்திய நிலம். அப்படிப்பட்ட இடத்தில் கோழி வளர்ப்பதைத் தொழில் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முற்றத்தில் நிற்கிற முருங்கை மாதிரி அது வீட்டின் ஒரு பகுதி.

தீவுக்குக் கோழி புதிதுமல்ல. நிக்கோபாரி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பன்றியும் கோழியும் வளர்ப்பவர்கள். இரண்டுக்கும் தேங்காயே தீனி. அவர்கள் வளர்த்த குட்டைக்கால் கோழி இன்று நிக்கோபாரி என்ற பெயரில் நாட்டின் பதிவுபெற்ற கோழியினங்களில் ஒன்று. மழையில் நனைந்து, தென்னந்தோப்பில் மேய்ந்து, நிறைய முட்டையிடும் உறுதியான உடம்பு அதற்கு.

தாய்க்கோழி முறையைப் பற்றிப் பேசும்போது நமக்கெல்லாம் கண் கொஞ்சம் கசியும். ஆனால் அதன் கணக்குக் கறாரானது. ஒரு கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டையிட்டு அடை உட்கார்ந்தால் 21 நாள் முட்டை இல்லை. பிறகு குஞ்சோடு சுற்றுகிற இரண்டு மாதமும் இல்லை. ஆண்டுக்கு மூன்று நான்கு ஈடு, ஐம்பது அறுபது முட்டை, அவ்வளவே. பொரித்ததில் எத்தனை பிழைக்கும் என்பது பருந்துக்கும் பாம்புக்கும் தெரியும். கிரேட் நிக்கோபாரில் நீள்வால் குரங்கும் உடும்பும் அந்தப் பட்டியலில் சேரும். மழை வலுத்த நாளில் தாயோடு மேயப் போன குஞ்சுகள் ஈரத்தில் விறைத்துத் திரும்பும், சில திரும்பாது. அந்த இழப்பை யாரும் எழுதிவைக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. அக்காலத்தில் குஞ்சுகள் தானாக வளர்ந்தன என்று சொல்பவர்கள் வளர்ந்தவற்றை மட்டும் எண்ணுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 காலையில் அந்த முற்றங்களே போயின. சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்துக்கு இந்திய மண்ணில் மிக அருகே இருந்தவற்றில் ஒன்று கிரேட் நிக்கோபார். தீவின் தென்முனையான இந்திரா முனை நாலேகால் மீட்டர் தாழ்ந்தது. கரையில் நின்ற கலங்கரை விளக்கம் கடலுக்குள் நின்றது. சாலையோரக் கிராமங்கள் துடைக்கப்பட்டன. தாழ்ந்த நெல்வயல்களில் கடல் புகுந்து தங்கிவிட்டது. பிழைத்தவர்கள் தகரத்தால் அடித்த தற்காலிகக் குடியிருப்புகளில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுப் புது வீடுகளுக்குப் போனார்கள். மனிதர்களையே எண்ணி முடியாத நாட்களில் கோழியை யார் எண்ணியிருப்பார்கள்?

ஆனால் பிறகு கோழியைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது, அங்கேதான் வரிசை தலைகீழாயிற்று. முன்பெல்லாம் முதலில் கோழி, அப்புறம் முட்டை, அப்புறம் குஞ்சு. இப்போது முதலில் வருவதே குஞ்சு, தாய் இல்லாமல். போர்ட் பிளேரில் 1978-இல் தொடங்கிய மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நிக்கோபாரிக் கோழியைப் பிற இனங்களோடு கலந்து நிக்கோராக், நிஷிபாரி என்ற வகைகளை உருவாக்கியிருக்கிறது. புறக்கடைக்கென்றே ஐதராபாத்தில் உருவான வனராஜா நாடெங்கும் பரவியிருக்கிறது. இவற்றையெல்லாம் குஞ்சாகத்தான் வாங்க வேண்டும்; முட்டைக்கென்று தேர்ந்து தேர்ந்து பெருக்கிய இனங்களில் அடை உட்காரும் குணம் மங்கிப்போகும். காரணம் எளிது: அடையில் இருக்கிற கோழி முட்டையிடாது. அந்தக் குணத்தைக் கழித்தால் முட்டை கூடும். கழித்த தாயின் வேலையை யார் செய்வது என்ற கேள்வி மட்டும் வாங்குகிறவர் தலையில் விழும்.

தாயில்லாக் குஞ்சுக்குச் செயற்கைத் தாய் என்ற எண்ணம் பழையது. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1749-இல் வெளியிட்ட நூலில், மட்கும் சாணத்தின் சூட்டில் முட்டை பொரிப்பதையும் ஆட்டுத்தோல் வேய்ந்த ஒரு பெட்டிக்குள் குஞ்சு வளர்ப்பதையும் எழுதிவைத்தார். நம்மூரில் அந்தப் பெட்டிக்கு புரூடர் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பெரிய இயந்திரம் என்று நினைக்க வேண்டாம். தகரத்தாலோ கெட்டி அட்டையாலோ ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு வட்ட வேலி, தரையில் உமி, நடுவில் கவிழ்த்த கூடை, கூடைக்குள் குண்டு பல்ப். நூறு குஞ்சுக்கு ஆறேழு அடி குறுக்களவு போதும்.

வட்டம் என்பது அழகுக்காக அல்ல. குளிர்ந்தால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நெருங்கும். மூலை இருந்தால் அங்கே போய் அடையும். அடியில் மாட்டியவை மூச்சு முட்டிச் சாகும். காலையில் மூலையில் இருபது குஞ்சு தட்டையாகக் கிடந்தால் அதற்கு நோய் காரணமல்ல, மூலைதான் காரணம்.

பெட்டியும் பல்பும் தயாராக இருந்தாலும் குஞ்சு வந்து சேர வேண்டுமே. போர்ட் பிளேருக்கும் கேம்பல் பேக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். (போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, வாய் இன்னும் பழகவில்லை.) கார் நிக்கோபார், கமோர்ட்டா என்று தொட்டுத் தொட்டு வரும் கப்பல் என்றால் ஒரு நாளில் முடியாது, கடல் கொந்தளித்தால் தேதியே தள்ளிப்போகும். இத்தனை நேரம் தீனியும் தண்ணீரும் இல்லாமல் குஞ்சு எப்படித் தாங்கும்? பொரிவதற்குச் சற்று முன் அது மிச்ச மஞ்சள் கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. கட்டுச்சோறு மாதிரி. இரண்டு நாள், நெருக்கிப் பிடித்தால் மூன்று நாள் ஓடும். ஒரே கூட்டில் முதலில் பொரிந்த குஞ்சு கடைசிக் குஞ்சு பொரியும்வரை தாயின் அடியில் காத்திருப்பதற்கு ஏற்பட்ட வசதி அது. அதை வைத்துத்தான் உலகம் முழுக்க ஒருநாள் குஞ்சு வணிகமே நடக்கிறது. அமெரிக்காவில் 1918 முதல் குஞ்சுகளைத் தபாலிலேயே அனுப்புகிறார்கள். பெட்டிக்கு நூறு குஞ்சு, நான்கு அறை, அறைக்கு இருபத்தைந்து. ஒன்றின் சூட்டில் மற்றது என்று போகும் வழியெல்லாம் அவையே ஒன்றுக்கொன்று புரூடர்.

ஆக, கேம்பல் பேக்கு வருகிற குஞ்சு கட்டுச்சோறு தீர்கிற நேரத்தில் இறங்கும். அங்கே முதல் இரண்டு மணி நேரம் எப்படிப் போகிறது என்பது அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். முதலில் தண்ணீர், அதுவும் கொஞ்சம் வெல்லம் கரைத்து, வெதுவெதுப்பாக. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒருமுறை தண்ணீரில் தொட்டுவிட வேண்டும். ஒன்று குடிப்பதைப் பார்த்து மற்றது கற்றுக்கொள்ளும். தீனி பிறகு. பல்பைக் குஞ்சு வந்தபிறகு போடக்கூடாது. அதற்கு முன்பே பல மணி நேரம் எரியவிட்டு உமியின் அடிவரை சூடேற்றியிருக்க வேண்டும். காற்று சுட்டாலும் தரை குளிர்ந்திருந்தால் கால் வழியாகவே சூடு இறங்கிவிடும். பழகியவர்கள் குஞ்சைத் தூக்கி அதன் பாதத்தைத் தங்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் சூடு போதவில்லை. எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். வெப்பமானி வாங்கியபிறகும் யாரும் இதை விடுவதில்லை.

வெப்பமானியைத் தொங்கவிடுவதானால் நம் கண் உயரத்தில் அல்ல, குஞ்சின் முதுகு உயரத்தில். முதல் வாரம் 35 டிகிரி. கோழிப் புத்தகங்களில் 95 பாரன்ஹீட் என்றிருக்கும். பிறகு வாரத்துக்கு ஐந்து பாரன்ஹீட், அதாவது மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாக, இறக்கிக்கொண்டே போக வேண்டும். பல்பைக் கட்டிய கயிற்றைக் கொஞ்சம் உயர்த்தினால் சூடு குறையும். ஆனால் எண்ணைவிடக் குஞ்சின் இருப்பு சொல்வதே முடிவு. பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர். வேலியோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து, சிறகை அகட்டி நின்றால் வெக்கை. எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தால் எதிர்ப்பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. வட்டம் முழுக்கக் கொட்டிய கடலை மாதிரி பரவி, சில தின்று, சில தூங்கி, சில ஓடித் திரிந்து, மெல்லிய கீச்சொலி மட்டும் வந்தால் சரியாக இருக்கிறது. தாயாக இருந்தால் சிறகைத் தூக்கித் தாழ்த்தி இதைச் சரிசெய்துவிடும். மனிதருக்குக் கயிறும் கண்ணும்தான் உண்டு.

இந்த விவரமெல்லாம் இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. சென்னையிலிருந்து கடலடியில் போட்ட ஒளியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது கிரேட் நிக்கோபாரையும் தொட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் தயவில் நூலிழையாக வந்துகொண்டிருந்த இணையம், அதன்பிறகு நாமக்கல், பல்லடம் பண்ணைக் காணொளிகளைத் தடங்கலின்றிக் கொண்டுவந்து காட்டும் அளவுக்குப் பெருகியது. அதில்தான் ஒரு சிக்கல். பல்லடத்துக் காற்று காய்ந்த காற்று. அங்கே உமி தானாக உலரும். கேம்பல் பேயில் இரண்டு பருவமழையும் பெய்து ஆண்டுக்கு மூவாயிரம் மில்லிமீட்டரைத் தாண்டும். அங்கே துவைத்த வேட்டியே உலராது, உமி எங்கே உலரும்? அதிலும் உமிக்கே வழியில்லை. நெல்வயல் போனபிறகு மரத்தூளும் தென்னைநார்க் கழிவும்தான். நார்க்கழிவு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரமான தரையில் விட்டையும் சேர்ந்தால் கண்ணைக் கரிக்கும் அமோனியா எழும். ரத்தக் கழிச்சல் கிருமிக்குக் கொண்டாட்டம். கிளறிவிட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு தூவி, நனைந்ததை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். இந்த வேலையைக் காணொளிக்காரர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். தீவில் பாதி நேரம் இதிலேயே கழியும்.

ஈரம் இன்னொன்றும் செய்யும். நனைந்த குஞ்சின் மேலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் 28 டிகிரி வெக்கையில்கூட, சாரல் பட்ட குஞ்சு நடுங்கும். மழை பெய்யும் பக்கம் சாக்குப் படுதா கட்டத்தான் வேண்டும். ஆனால் இறுக்க மூடினால் அமோனியா வெளியே போகாது. மேலே இடைவெளி விட்டுக் கீழே மட்டும் மறைப்பது அனுபவம் சொல்லிக்கொடுத்த வழி. அதே கொட்டகைக்குத் தகரக் கூரை என்றால், மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த அரைமணியில் உள்ளே நாற்பதைத் தொடும். காலையில் நடுங்கிய குஞ்சு மதியம் வாய் பிளக்கும். கூரைமேல் தென்னோலை பரப்பினால் ஓரளவு தணியும். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு பகலில் விளக்கே தேவைப்படாது. ஊர்க் காற்றே அதற்குப் போதுமான சூடு. இரவுக்கும் மழைக்கும் மட்டும் போட்டால் போதும். இந்த ஒரு விஷயத்தில் கேம்பல் பே ஊட்டிக்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம்.

விளக்கு என்றேனே, அதற்கு வந்தது ஒரு சோதனை. குண்டு பல்ப் தின்கிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவதில்லை, மற்றதெல்லாம் வெப்பம். வெளிச்சத்துக்கு அது மோசமான கருவி. புரூடருக்கு அதைவிட நல்ல கருவி வேறில்லை. 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து நாடு முழுக்க எல்.இ.டி. பல்ப் பரவியபோது மின்கட்டணம் குறைந்தது, வெளிச்சம் கூடியது, கடைகளில் குண்டு பல்ப் அரிதானது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பைக் கூடைக்குள் மாட்டினால் குஞ்சு பளிச்சென்று தெரியும். பளிச்சென்று தெரிந்தபடியே குளிரில் விறைக்கும். இப்போது அதற்கென்றே அகச்சிவப்பு பல்ப், பீங்கான் சூடேற்றி, கேஸ் புரூடர் எல்லாம் விற்கின்றன. அவையும் கப்பலில் வர வேண்டும். சேமிப்பு என்று நாம் கொண்டாடிய ஒன்று கோழிக்கொட்டகையில் இழப்பாகத் திரும்பியதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது. எழுதவேண்டிய அளவு பெரிய விஷயமும் அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

மின்சாரமும் அங்கே கப்பலில் வருவதுதான். கேம்பல் பேயின் மின்நிலையம் டீசலில் ஓடுகிறது. ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பொதுவான கணக்கு. நூறு குஞ்சுக்கு 200 வாட். இரவும் பகலும் எரிந்தால் நாளைக்கு 4.8 யூனிட், இரண்டு வாரத்துக்கு 67 யூனிட். டீசல் ஜெனரேட்டரில் ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் வரை கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், நூறு குஞ்சின் முதல் இரண்டு வாரக் கதகதப்புக்குப் பத்தொன்பது லிட்டர் டீசல். அன்றைக்குத் தாய்க்கோழி இதே கதகதப்பைக் கொஞ்சம் தேங்காய்த் துருவலுக்கும் கறையானுக்கும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அதன் சிறகடியில் பத்துப் பன்னிரண்டுக்குத்தான் இடம். நூறு குஞ்சுக்கு எட்டு ஒன்பது கோழி, அத்தனையும் ஒரே நாளில் அடைக்கு உட்கார வேண்டும். எந்தக் கோழி நம் நாட்காட்டிக்கு உட்காரும்? 2012-இல் ஐ.என்.எஸ். பாஸ் கடற்படை விமானத்தளம் அமைந்த ஊர், ஆளும் தேவையும் பெருகிவரும் ஊர், முற்றத்து முட்டையை நம்பியிருக்க முடியாது. பல்புக்கு மாறியது பேராசையால் அல்ல.

இன்னொரு வேடிக்கை. முதல் வாரத்துக்குள் ராணிக்கெட் தடுப்பு மருந்தைச் சொட்டாகக் கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் உயிரோடிருக்கும். குஞ்சுக்கு 35, அதன் மருந்துக்கு 5. கொட்டகைப் பல்பும் வீட்டுப் பிரிட்ஜும் ஒரே கம்பியில்தான் தொங்குகின்றன. கம்பி செத்தால் ஒன்று குளிர்ந்து கெடும், மற்றது சூடேறிக் கெடும்.

இவ்வளவு பாடும் இல்லாமல் குஞ்சு பொரிக்கிற ஒரு பறவை இதே தீவில் இருக்கிறது. கேம்பல் பேயிலிருந்து தெற்கே போனால் வரும் கலத்தியா வளைகுடா அதன் இடம். மெகாபோடு என்று பெயர். நிக்கோபார் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வகை. நாட்டுக்கோழி அளவில், பழுப்பு நிறத்தில், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். அந்தக் காலால் மணலையும் சருகையும் பவளத்துணுக்கையும் இழுத்து இழுத்துக் கடற்கரைக் காட்டின் ஓரத்தில் மேடு கட்டும். முட்டையை அதற்குள் புதைத்துவிட்டுப் போய்விடும். அடை காப்பதே இல்லை. சருகு மட்கும் சூடும் வெயிலின் சூடும் சேர்ந்து எழுபது எண்பது நாளில் பொரிக்கும். ரெயோமூர் சாணத்தில் தேடியதை இது எப்போதோ சருகில் கண்டுபிடித்துவிட்டது. முட்டையில் மஞ்சள் கரு மிக அதிகம் என்பதால், குஞ்சு முழு இறகோடு வெளிவரும். மேட்டைத் தானே குடைந்து மேலேறி, உடம்பை உதறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடும். தாயைப் பார்ப்பதில்லை. புரூடர் தேவையில்லை.

இந்தக் குடும்பத்து ஆஸ்திரேலியப் பறவை ஒன்றை 1950-களில் ஃப்ரித் என்ற ஆய்வாளர் சோதித்தார். அதன் மேட்டுக்குள் மின்சூடேற்றி புதைத்து வெப்பத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். ஆண்பறவை அலகை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, சூடு ஏறினால் மண்ணைத் திறந்துவிட்டும் குறைந்தால் மூடியும் மேட்டை 33 டிகிரிக்கு அருகே நிறுத்தியதாம். கன்னத்தில் குஞ்சின் பாதத்தை வைத்துப் பார்க்கிறவருக்கு அந்தப் பறவையைப் புரியும்.

கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990-களில் நிக்கோபார்க் கரைகளில் நடந்து இந்த மேடுகளை எண்ணினார். சுனாமிக்குப் பிறகு, 2006-இல் இந்திய வனவுயிர் நிறுவனம் எண்ணியபோது கரையோர ஜோடிகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்திருந்தது. கடலோரமாகக் கட்டுகிற மேடுதானே, அலை முதலில் எடுத்துக்கொண்டது. மனிதரின் கோழிக்கு மறுபடி கப்பலில் குஞ்சு வந்தது. இதற்கு யாரும் கொண்டுவந்து கொடுக்க முடியாது. கலத்தியா வளைகுடாச் சரணாலய அறிவிக்கை 2021 ஜனவரியில் விலக்கப்பட்டது. பெரிய துறைமுகம் வர இருக்கிறது. மெகாபோடுக்காக மென்சல் தீவில் வேறொரு சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். மட்கும் சருகின் சூட்டை இடம் மாற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு மாதம் புரூடர் பார்க்கும் வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கோழிக்கொட்டகையில் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் போனால் முதலில் தெரிவது குஞ்சுகளுக்குத்தான். மின்விசிறி நின்ற வியர்வையில் மனிதர் விழிப்பதற்குள் அந்தக் கீச்சொலி மாறியிருக்கும். நீளமாக, கூர்மையாக, ஒன்று தொடங்க எல்லாமாக. சிலர் பானையில் துளையிட்டுக் கொட்டாங்கச்சிக் கரியைக் கனியவிட்டு வேலிக்குள் வைப்பார்கள்; நல்ல சூடு. ஆனால் படுதாவை முழுக்க இறக்கியிருந்தால் கரிப்புகை குளிரைவிடச் சீக்கிரம் கொன்றுவிடும். எளிய வழி, தீனிச் சாக்கைத் துண்டாக வெட்டி, கொதித்த தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைச் சுற்றி, கூடைக்கடியில் படுக்கவைப்பது. கைபேசி வெளிச்சத்தில் பார்த்தால், முதலில் ஒன்று வந்து சாக்கில் உரசிப் பார்க்கும். அப்புறம் இரண்டு. பிறகு அத்தனையும் பாட்டிலைச் சுற்றி ஒட்டி, தலையைச் சாக்குக்கடியில் நுழைக்கப் பார்க்கும். அது சிறகல்ல என்று அவற்றுக்குத் தெரியாது. முக்கால் மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும்; அடுப்பில் அடுத்த பானை கொதிக்க வேண்டும். வெளியே மழை.